வாவியை இந்தக் கரையும் அந்தக் கரையுமாகக் கடந்து: மட்டக்களப்பில் மூன்று நாள் சைக்கிள் பயணம்

கேள்வி இது: கொழும்பில் வேலை செய்கிற ஒருவர். அம்மாவின் ஊர் மட்டக்களப்பு. சின்ன வயதில் வந்து போனதோடு சரி. இப்போது மூன்று நாள் லீவு எடுத்து, பிரதான வீதியின் இரைச்சல் இல்லாமல், கிராமங்களுக்குள்ளால் சைக்கிளில் சுற்றி, பழைய இடங்களையும் பார்க்க வேண்டும் என்கிறார். எந்த வழி, எந்த மாதம், சைக்கிளை எங்கிருந்து எடுப்பது என்று கேட்டிருக்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அனுராதபுரத்திலோ பொலன்னறுவையிலோ காண்பது போன்ற பெரிய கல் கட்டடங்களை எதிர்பார்த்து இங்கே வந்தால் ஏமாற்றமாக இருக்கும். ஒரு கோட்டை இருக்கிறது, ஒரு வெளிச்சவீடு இருக்கிறது, பழைய பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க அரை நாள் போதும். மட்டக்களப்பின் மிச்ச வரலாறு முழுவதும் இன்னும் புழக்கத்தில் இருக்கிற கோயில்களிலும், துறைகளிலும், குளக்கட்டுகளிலும்தான் கிடக்கிறது. கட்டடம் புதிதாக இருக்கும், பெயின்ற் போன வருடம் அடித்ததாகக்கூட இருக்கும். ஆனால் உள்ளே நடக்கிற வழக்கம் சில நூறு வருடம் பழையது. அதை விசாரித்துத் தெரிந்துகொள்ள நிற்க வேண்டும், ஆட்களோடு கதைக்க வேண்டும். காரில் வந்தால் நிற்க மாட்டீர்கள். சைக்கிளில் வந்தால் தண்ணீர் குடிக்கவாவது நிற்பீர்கள்.

இரண்டாவது, வழி பற்றி. வரைபடத்தில் பார்த்தால் மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஏ4 வீதி நேராகத் தெற்கே போகும். எல்லோரும் அதில்தான் போவார்கள். நீங்கள் போக வேண்டாம். பஸ், வான், லொறி எல்லாம் பறக்கிற வீதி அது. ஊர் விட்டு ஊர் வருவதே தெரியாமல் கடைத்தெருவாகவே நீளும். உங்களுக்கு வேண்டியது வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரை. வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்லாறு தாண்டிக் கல்முனைப் பக்கம் வரை 56 கிலோமீட்டர் அளவுக்குக் கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற, எழுவான்கரை என்கிற ஒடுங்கிய நிலத்தில்தான் சனமும் கடைகளும் வீதியும் நெருக்கி அடைந்திருக்கின்றன. அக்கரைக்குப் போய்விட்டால் வயல், குளம், மருத மரம், மாட்டுப்பட்டி, இடையிடையே சின்னச் சின்ன ஊர்கள். ஆகவே உங்கள் பயணத்தைத் தீர்மானிப்பது வீதிகளைவிட வாவியைக் கடக்கிற இடங்கள்தான். எங்கே பாலம், எங்கே பாதை ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால் வழி தானாக அமைந்துவிடும். பாதை என்று இங்கே சொல்வது ஆட்களையும் சைக்கிள், மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவையை. யாராவது "பாதையால போங்க" என்றால் ஒற்றையடிப் பாதையைத் தேட வேண்டாம், துறைக்குப் போங்கள்.

நகரத்தை, புறப்படுவதற்கு முந்தின நாள் பின்னேரமோ, புறப்படும் நாள் விடியற்காலையோ முடித்துவிடலாம். நகரத்தின் நடுப்பகுதியான புளியந்தீவைச் சுற்றி வர அதிக நேரம் எடுக்காது. கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள். பத்தே வருடத்தில், 1638 மே மாதத்தில், கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு கூட்டுச் சேர்ந்து வந்த ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், பிடித்துக்கொண்டார்கள். இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் முதலில் கைப்பற்றிய கோட்டை இதுதான். அதற்கு முன்பே, 1602இல், ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பல் தலைவன் மட்டக்களப்பில் இறங்கித்தான் கண்டிக்குப் போனான். கோட்டைக்குள் நீண்ட காலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இயங்கியது. காணிக்கும் பென்சனுக்கும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்கும் சனம் வரிசையில் நின்ற இடம் என்பதால் ஊரவர்களுக்கு அது கோட்டை என்பதைவிடக் கச்சேரி என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. சின்னக் கோட்டை, மதில் மட்டும் நல்ல தடிப்பு. வாவிப் பக்கம் நின்று பார்ப்பதுதான் அழகு.

அங்கிருந்து காந்திப் பூங்கா பக்கம் வந்தால் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியாரின் சிலை நிற்கும். 1814இல் வந்து பள்ளிக்கூடம் தொடங்கியவர். மறு வருடமே இங்கேயே இறந்துபோனார். அவர் தொடங்கியதுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. புனித மிக்கேல் கல்லூரி 1873இல் வந்தது. இரண்டையும் வெளியில் நின்று பார்த்துவிட்டு, நேரம் இருந்தால் அமிர்தகழிப் பக்கம் விடுங்கள். மாமாங்கேஸ்வரர் கோயிலும் தீர்த்தக்குளமும் அங்கே இருக்கின்றன. ஆடி அமாவாசைக்கு அந்தக் குளத்தடியில் கால் வைக்க இடம் இருக்காது. மற்ற நாட்களில் கொக்கும் நீங்களும்தான். அப்படியே போனால் பாலமீன்மடு முகத்துவாரத்தில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு. வாவி கடலோடு சேர்கிற இடம் அது. கண்டல் மரங்களும் தோணிகளுமாக இருக்கும். விடியற்காலையில் போனால் வலை இழுக்கிறவர்களைக் காணலாம்.

கல்லடிப் பாலம் இரண்டு. பழையது பிரித்தானியர் காலத்து இரும்புப் பாலம், ஆளுநர் மானிங்கின் மனைவி பேரில் உள்ளது. புதியது 2013இல் திறந்தது. நீங்கள் பழையதில் போங்கள், பெரிய வண்டிகள் வராது. மட்டக்களப்பின் பேர்போன பாடுமீன், அதாவது வாவிக்குள்ளிருந்து கேட்கிற இசை போன்ற ஒலி, இதற்குக் கீழேதான். பௌர்ணமி அண்டிய இரவில், காற்று அடங்கிய நேரம், தோணியில் போய்த் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும் என்பார்கள். பாலத்தில் நின்றால் மோட்டார் சைக்கிள் சத்தம்தான் கேட்கும், ஆகவே அதை நம்பி இரவு விழிக்க வேண்டாம். பாலம் கடந்து கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயமும், அந்த வளவிலேயே தமிழறிஞர் சுவாமி விபுலாநந்தரின் சமாதியும் இருக்கின்றன. 1947இல் காலமானவர். அவர் பிறந்த வீட்டைக் காரைதீவில் இரண்டாம் நாள் பார்க்கப் போகிறீர்கள், அதனால் சமாதியை முதலிலேயே பார்த்துவிடுவது கொஞ்சம் தலைகீழாக இருக்கும். பரவாயில்லை, வழி அப்படி அமைந்துவிட்டது.

இனி உண்மையான பயணம். முதல் நாள் காலையில் கல்லடிப் பக்கம் திரும்ப வேண்டாம். எதிர்ப்பக்கமாக, வலையிறவுப் பாலம் வழியாக வவுணதீவுக்குப் போங்கள். நகரத்தை விட்டு வெளியேறிக் கொஞ்ச நேரத்திலேயே வயலுக்குள் இருப்பீர்கள். கன்னன்குடாப் பக்கமாகத் தெற்கே இறங்கினால் கொக்கட்டிச்சோலை வரைக்கும் படுவான்கரைதான். சில இடம் கார்ப்பெற் வீதி, சில இடம் கொங்கிறீற், சில இடம் கிறவல். கன்னன்குடா கூத்துக்குப் பேர்போன ஊர். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு வகைக் கூத்தையும் வட்டக்களரி என்கிற வட்ட மேடை போட்டு விடிய விடிய ஆடுகிற வழக்கம் படுவான்கரையில் இன்னும் இருக்கிறது. பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்த பிறகு வருகிற மாதங்களில்தான் அரங்கேற்றங்கள் நடக்கும். அந்த நேரம் பயணம் அமைந்தால் தேத்தண்ணிக் கடையில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், எந்த ஊரில் எப்போது என்று சொல்வார்கள்.

கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயிலில் அவசரப்பட வேண்டாம். ஒரு வேடன் கொக்கட்டி மரத்தை வெட்டும்போது இரத்தம் பாய்ந்தது, அங்கே இலிங்கம் தானாகத் தோன்றியிருந்தது என்பது தலக்கதை. கோயிலை உடைக்க வந்த போர்த்துக்கேயன் அங்கிருந்த கல் நந்தியைக் காட்டி, "இது புல்லுத் தின்னுமா?" என்று கேட்க, நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் போட்டது என்பது அடுத்த கதை. இந்தக் கதையைச் சொல்லாத படுவான்கரைக் கிழவர் ஒருவரையும் நீங்கள் சந்திக்க மாட்டீர்கள். கதையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது கோயிலை நடத்துகிற முறை. இதைத் தேசத்துக் கோயில் என்பார்கள். அதாவது ஒரு ஊருக்கு மட்டும் உரியது இல்லை, பல ஊர்களுக்குப் பொது. எந்தத் திருவிழாவை எந்தக் குடி செய்வது, யாருக்கு முன் மரியாதை, கோயில் நிருவாகியான வண்ணக்கராக யார் இருப்பது என்று எல்லாமே குடி முறைப்படி நடக்கிறது. குடி என்பது தாய்வழியில் வருகிற குலப்பிரிவு. உங்களுடைய அம்மாவின் ஊர் இங்கே என்பதால் ஒன்று சொல்கிறேன்: ஊரவர் யாராவது "என்ன குடி?" என்று கேட்டால் குடிப்பழக்கத்தைக் கேட்கிறார் என்று நினைத்து முழிக்க வேண்டாம். புறப்படும் முன் அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் உங்களுக்கு இங்கே சொந்தக்காரர் கிடைத்துவிடுவார்கள், மத்தியானச் சாப்பாடும் கிடைக்கலாம்.

கொக்கட்டிச்சோலைக்கு வருகிற வழியில் மகிழடித்தீவில் ஒரு நினைவுத்தூபியைக் காண்பீர்கள். 1987 ஜனவரியில் இறால் பண்ணையிலும், 1991 ஜூனில் ஊருக்குள்ளும் கொல்லப்பட்டவர்களின் நினைவு. அதேபோல எழுவான்கரையில், 1990 ஓகஸ்டில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்ட காத்தான்குடிப் பள்ளிவாசல் சுவரில் குண்டுத் துளைகளை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். பழைய இடங்களைப் பார்க்க வருகிறவர் 1628ஐ மட்டும் பார்த்துவிட்டு இதைத் தாண்டிப் போவது சரியில்லை என்பது என் அபிப்பிராயம். இரண்டு இடத்திலும் இறங்கி நில்லுங்கள். படம் எடுப்பதென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். அந்தக் குடும்பங்கள் இன்னும் அந்தத் தெருக்களில்தான் இருக்கின்றன.

கொக்கட்டிச்சோலையிலிருந்து மேற்கே தாந்தாமலை இருக்கிறது. காட்டோரத்துப் பாறைக்குன்றில் முருகன் கோயில், பழைய கட்டடச் சிதைவுகள், ஏறி நின்றால் சுற்றிவரக் குளமும் காடும். ஆடித் திருவிழாக் காலத்தில் சனம் போய்வரும்போது போவதென்றால் சரி. மற்றக் காலத்தில் சைக்கிளில் தனியாகப் போகச் சொல்ல மாட்டேன், யானை. இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

தெற்கே முதலைக்குடா, அரசடித்தீவு என்று வாவியோரமாகவே அம்பிளாந்துறை வரை போகலாம். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும் வரைக்கும் இந்தப் பக்கத்துச் சனத்துக்கு நகரம் என்றால் பாதை ஏறுவதுதான். நோயாளியும் நெல்லு மூட்டையும் பள்ளிக்கூடப் பிள்ளையும் எல்லோரும் ஒரே மிதவையில். பாலம் வந்தது பெரிய விடுதலை, அதில் மறுபேச்சில்லை. ஆனால் அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையில் பாதை ஓடுவது உங்களுக்கு வசதி: சைக்கிளை ஏற்றிக்கொண்டு நேரே எழுவான்கரைக்கு வந்து, அங்கிருந்து களுவாஞ்சிகுடிக்குக் கொஞ்சத் தூரம்தான். இறங்குதுறையில் நிழல் குறைவு, தொப்பியைக் கழற்ற வேண்டாம். பாதைக்காரர் மத்தியானம் சாப்பிடப் போவார், ஆள் சேரும் வரை காத்திருக்கவும் நேரும். நேரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தால் இந்த இடத்தில் வயிறு எரியும். மழைக்காலத்தில் நீர் பெருகினாலும் காற்று பலத்தாலும் நிறுத்திவிடுவார்கள், ஆகவே முந்தின நாளே விசாரித்து வையுங்கள். ஓடவில்லை என்றால் பழுகாமம் பக்கமாக வந்து பட்டிருப்புப் பாலத்தால் கடந்து களுவாஞ்சிகுடிக்கு வரலாம். அது சுற்று என்றாலும் வயல்வெளி வழி, பழுகாமம் திரௌபதை அம்மன் கோயிலையும் பார்த்ததாகும்.

களுவாஞ்சிகுடியில் தங்குங்கள். படுவான்கரைக்குள் தங்குமிடம் தேடுவது கஷ்டம், சொந்தக்காரர் இருந்தால் தவிர.

இரண்டாம் நாள் காலையில் பக்கத்திலேயே குருமண்வெளித் துறை. அங்கிருந்து அக்கரையில் மண்டூர். முன்சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்: பாதை ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுத் துறைக்குப் போங்கள், இல்லாவிட்டால் பட்டிருப்புப் பாலம், போரதீவு, வெல்லாவெளி என்று சுற்றி மண்டூருக்கு வரலாம். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் மிக நல்ல கால்மணி நேரம் இந்தக் கடவைதான். விடியற்காலையில் வாவி அசையாமல் கிடக்கும், பக்கத்தில் நிற்கிறவரின் கூடையில் மீன் இருக்கும், அக்கரையில் கோயில் மரங்கள் மெதுவாகக் கிட்ட வரும்.

மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். கதிர்காமத்தைப் போலவே இங்கும் பூசை செய்கிறவர் கப்புகனார். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால், மந்திரம் இல்லாமல் பூசை செய்கிறார். மூலத்தானத்தில் என்ன இருக்கிறது என்று வெளியே யாரும் பார்ப்பதில்லை, கேட்பதுமில்லை. ஆகம முறைப்படி நடக்கும் கோயில்களுக்குப் பழகியவருக்கு இது வேறு உலகம். ஆவணிப் பௌர்ணமித் தீர்த்தத்தோடு முடிகிற திருவிழாவுக்கு வாவியின் இரண்டு கரையிலிருந்தும் சனம் வரும். நீங்கள் சாதாரண நாளில் போனால் பெரிய மரங்களுக்குக் கீழே மணலும் அமைதியும்தான். அது இன்னும் நல்லது என்று நினைக்கிறவன் நான்.

மண்டூரிலிருந்து தெற்கே போனால் அம்பாறை மாவட்டத்துக்குள் போய்விடுவீர்கள், எல்லை தெரியாது, வயல் ஒன்றுதான். சொறிக்கல்முனை என்ற ஊரில் திருச்சிலுவைக் கோயில் இருக்கிறது. செப்டெம்பர் 14ஆம் திகதித் திருநாளுக்குக் கத்தோலிக்கர்கள் தூரத்திலிருந்தெல்லாம் வருவார்கள். அப்புறம் நாவிதன்வெளி, அங்கிருந்து கிட்டங்கி. கிட்டங்கித் தாம்போதி நீருக்கு நடுவில் போகிற தாழ்ந்த வீதி. இரண்டு பக்கமும் தண்ணீர், சல்வினியா, ஆம்பல், கூழைக்கடா, தூண்டில் போடுகிற பொடியன்கள். கோடையில் இவ்வளவு நல்ல சைக்கிள் வீதி வேறு இல்லை. மாரியில் வீதிக்கு மேலால் வெள்ளம் பாயும், அப்போது யார் "போகலாம்" என்று சொன்னாலும் இறங்க வேண்டாம். ஆட்களை இழுத்துப்போன இடம்.

கிட்டங்கி கடந்து சேனைக்குடியிருப்பு, கல்முனை. கல்முனையில் சாப்பிடுங்கள், வேறு ஒன்றுக்கும் நிற்கத் தேவையில்லை, நெரிசல். கடற்கரைப் பள்ளிவாசலை மட்டும் பார்க்கலாம்: நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பேரில் உள்ளது, கொடியேற்றக் காலத்தில் அந்தப் பக்கம் முழுக்கக் களைகட்டும். சாய்ந்தமருதைத் தாண்டிக் காரைதீவு. விபுலாநந்தர் 1892இல் பிறந்த ஊர். பிறந்த வீட்டையும் மணிமண்டபத்தையும் பார்க்கலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், பழைய யாழ்களின் இலக்கணத்தை வருடக்கணக்கில் ஆராய்ந்தவர், இந்த மணல் ஒழுங்கையிலிருந்து புறப்பட்டார் என்று நினைக்க எனக்கு இப்போதும் வியப்பு. அங்கே கண்ணகை அம்மன் கோயிலும் உண்டு. இந்தக் கரையோரம் முழுவதும் கண்ணகி வழிபாடு ஊருக்கு ஊர் இருக்கிறது, ஆனால் பல கோயில்களில் வைகாசியில்தான் கதவு திறந்து சடங்கு செய்து, அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்திப் பாட்டைப் பாடி மறுபடி சாத்துவார்கள். பூட்டிய கதவைக் கண்டால் கைவிட்ட கோயில் என்று எண்ண வேண்டாம். வைகாசியில் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம், இரவெல்லாம் உடுக்கும் பாட்டும்தான்.

மூன்றாம் நாள் திரும்புவது கடற்கரைப் பக்கமாக. ஏ4க்குக் கிழக்கே ஊர்களுக்குள்ளால் கடற்கரை வீதிகள் துண்டு துண்டாக இருக்கின்றன. அவை முடிகிற இடத்தில் மட்டும் பிரதான வீதிக்கு ஏறி, அடுத்த ஊரில் மறுபடி இறங்கிக்கொள்ளுங்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் நிற்கலாம். புரட்டாசியில் 18 நாள் சடங்கு. பாண்டவர் வனவாசம் போவதும், அருச்சுனன் தவசு ஏறுவதும், கடைசியில் தீமிதிப்பும் ஊரே சேர்ந்து நடத்துகிற காரியம். மருதமுனையில் தறிச் சத்தம் கேட்டால் கேட்ட வீட்டுக்கு எட்டிப் பாருங்கள், சாரம் ஒன்று வாங்கலாம், பாரமும் இல்லை. கல்லாற்றுப் பாலங்களில் வாவியின் தெற்கு வாய். களுதாவளைக்கு வந்தால் வெற்றிலைத் தோட்டங்களும் மணலில் மிளகாயும், பிள்ளையார் கோயிலும். அதற்கு வடக்கே தேற்றாத்தீவு, செட்டிபாளையம், ஆரையம்பதி. இந்தக் கரை முழுக்க 2004 சுனாமி அள்ளிக்கொண்டு போன கரை. கடற்கரையோரமாக அத்திவாரம் மட்டும் நிற்கிற வளவுகளையும் பெயர்கள் எழுதிய நினைவுக் கற்களையும் காண்பீர்கள். காத்தான்குடியில் நடுவீதியில் பேரீச்சை மரங்கள், நல்ல சாப்பாடு, மரபுரிமை அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. அப்புறம் கல்லடி.

மாதத்துக்கு வருகிறேன். நவம்பர் தொடங்கி ஜனவரி வரை மாரி, வெள்ளம், வாடைக்காற்று. அந்தக் காலத்தை விட்டுவிடுங்கள். பெப்ரவரி கடைசியும் மார்ச்சும்தான் என் தெரிவு. வேளாண்மை விளைந்து நிற்கும் அல்லது வெட்டு நடக்கும், குளம் நிறைந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. மே தொடக்கம் ஓகஸ்ட் வரை கச்சான் காற்றுக் காலம். இந்தச் சமதரையில் மேடு பள்ளம் கிடையாது, மேற்கிலிருந்து அனலாக வீசுகிற கச்சான்தான் உங்களுக்கு ஏறவேண்டிய மலை. காலை எட்டு ஒன்பது மணி வரைக்கும் அடங்கியிருக்கும், அதற்குப் பிறகு எழும்பும். ஆகவே மேற்கு நோக்கி மிதிக்க வேண்டிய தூரத்தை அதிகாலையில் முடியுங்கள், திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளிக்கொண்டு வரும். பத்தரைக்குப் பிறகு மூன்று மணி வரைக்கும் எங்காவது மர நிழலில் படுத்துவிடுவது உத்தமம். அந்தக் காலத்துக்கு ஒரு நன்மையும் உண்டு: பாலைப்பழமும் வீரைப்பழமும் நாவற்பழமும் வீதியோரத்தில் விற்கும், திருவிழாக்களும் அப்போதுதான்.

யானை விஷயத்தில் விளையாட வேண்டாம். வாவியோர ஊர்களில் பயம் குறைவு. மேற்கே போகப் போக, வெல்லாவெளி, தாந்தாமலை, உன்னிச்சைக் குளம் பக்கம் எல்லாம், அந்தி பட்டால் யானை வயலுக்கு இறங்கும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகும் நன்றாக விடிவதற்கு முன்பும் அந்த வீதிகளில் சைக்கிளில் இருக்கக் கூடாது. சைக்கிள் சத்தம் போடாது, அதுதான் ஆபத்து. யானைக்கும் நீங்கள் வருவது தெரியாது. ஊர்ச்சனம் "இப்ப போகாதீங்க தம்பி" என்றால் வாதாடாமல் அங்கேயே நின்றுவிடுங்கள்.

உடுப்பு பற்றி ஒரு சொல். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடுகிற இறுக்கமான அரைக் காற்சட்டையோடு இந்தக் கோயில்களுக்குள் போக முடியாது. பையில் ஒரு வேட்டியோ சாரமோ மடித்து வைத்தால் எல்லா இடத்துக்கும் போதும். ஆண்கள் உள்ளே மேற்சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும். காலையில் மீன் கறியோடு சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போவதைச் சிலர் விரும்ப மாட்டார்கள். பிட்டும் தயிரும் வாழைப்பழமும் என்றால் பிரச்சினையே இல்லை. மட்டக்களப்பு எருமைத் தயிர் சட்டியோடு வரும், இரண்டு பேர் இருந்தால்தான் முடிக்கலாம். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

மூன்று நாளுக்கு மேல் லீவு கிடைத்தால் காரைதீவிலிருந்து திரும்பாமல் தெற்கே விடுங்கள். அக்கரைப்பற்று வரை நெரிசல்தான். பிறகு தம்பிலுவில் கண்ணகை அம்மன், கடலைப் பார்த்து நிற்கும் திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி, சங்கமன்கண்டிப் பிள்ளையார் என்று பொத்துவில் வரைக்கும் வெறும் கடற்கரையும் புதர்க்காடும். அங்கே ஏ4கூட அமைதியான வீதிதான், ஆனால் கோமாரிப் பக்கம் யானைக் கணக்கு மறுபடி தொடங்கும். பாணமை தாண்டி உகந்தை முருகன் கோயில் வரை கிறவல். ஆடியில் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் அந்த வழியில்தான் காட்டுக்குள் இறங்குவார்கள், அந்த நாட்களில் வழித்துணைக்குக் குறைவிருக்காது. உள்நாட்டுப் பக்கம் தீகவாபி தாதுகோபமும் உண்டு, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் சத்தாதிஸ்ஸ மன்னன் கட்டியது. பெரிய கட்டடம் பார்க்க வேண்டும் என்ற உங்கள் ஆசை அங்கே தீரும்.

கடைசியாகச் சைக்கிள். இந்த வழிக்குக் கியர் தேவையே இல்லை. ஒல்லி ரயர் போட்ட பந்தயச் சைக்கிளைக் கொண்டுவராதீர்கள்; கிறவலிலும் மணலிலும் அது உங்களைத் தள்ளிக்கொண்டு நடக்க வைக்கும். தடித்த ரயர் போட்ட சாதாரண லுமாலாச் சைக்கிள் போதும், எந்த ஊரிலும் அதற்குச் சாமான் கிடைக்கும், ஒட்டுப் போடுகிறவரும் இருப்பார். நெருஞ்சி முள் கோடையில் நிறைய, ஆகவே ஒரு மேலதிக ரியூப்பும் கைப்பம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் உங்கள் சைக்கிளைக் கொண்டுவருவதென்றால் பார்சலாகப் பதிய வேண்டும், புறப்படும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பாகவே நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். அந்தக் கரைச்சல் வேண்டாமென்றால் கல்லடிப் பக்கத்து விருந்தினர் விடுதிகளில் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். எடுக்கும்போது பிரேக்கையும் இருக்கையின் உயரத்தையும் பாருங்கள், பின்னுக்குக் கரியர் இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். மூன்று நாளைக்குப் பை முதுகில் இருந்தால் இந்த வெயிலுக்குச் சட்டை காயவே காயாது.